ஒரே சாலை, இந்தப் பக்கம் 1,000, அந்தப் பக்கம் 6,000: வெள்ள நிவாரணத்தில் எது விதி, எது திருட்டு?

நீங்கள் கேட்டிருப்பது மேலாகப் பார்த்தால் ஒரே கேள்வி: 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வந்த வெள்ளத்துக்கான நிவாரணப் பணத்தை யார் தின்றது, இவ்வளவு காலம் கழித்துக் கேட்டால் பதில் வருமா? ஆனால் அதற்கு ஆதாரமாக நீங்கள் சொல்லும் மூன்று செய்திகளும் மூன்று வகை. உங்கள் ஊருக்கு 1,000 ரூபாய், சாலையைத் தாண்டினால் 6,000 ரூபாய் என்பது ஒன்று. சித்தப்பா கட்டுக்குத்தகைக்குப் பயிரிட்ட வாழை அத்தனையும் அழிந்துபோக, நிவாரணம் சென்னையில் இருக்கும் நிலத்துக்காரர் கணக்கில் ஏறியது இரண்டாவது. சுவர் நனையாத ஒரு வீடு சேதமடைந்த வீடாகப் பட்டியலில் வந்தது மூன்றாவது. இவற்றில் எது அரசு தெரிந்தே போட்ட விதி, எது விதியை மீறிய களவு என்பதுதான் உண்மையில் உங்கள் கேள்வி. அதைப் பிரிக்காமல் "எல்லாம் ஊழல்" என்று ஒரே மனுவில் எழுதினால் மூன்றுக்கும் பதில் வராது. மனு "பரிசீலிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும்.

நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, பெரும்பாலும் தாமிரபரணிக் கரை வட்டங்களிலேயே வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். 1992 நவம்பர் வெள்ளத்தின்போது சேதப் பட்டியல் எழுதியவர்களில் நானும் ஒருவன். 2023-இல் பதவியில் இல்லை. உங்கள் ஊர்ப் பட்டியலைக் கண்ணால் பார்க்காமல் அங்கே திருட்டு நடந்தது என்றோ நடக்கவில்லை என்றோ நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. நான் வழக்கறிஞரும் அல்ல. கீழே குறிப்பிடும் சட்டப் பிரிவுகள் ஒரு மனுவை ஒழுங்காக எழுத உதவும். அதற்கு மேல் வேண்டுமானால் வழக்கறிஞரிடம் போங்கள்.

முதலில் 6,000, 1,000 விவகாரம். டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். அந்தப் பக்கத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு சிக்கி நின்றது. திருநெல்வேலியில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர். அந்த நிலையில், 21-ஆம் தேதியே அரசு தொகையை அறிவித்துவிட்டது: திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்கள், வருவாய் கிராமங்களில் குடும்ப அட்டை ஒன்றுக்கு 6,000, அந்த மாவட்டங்களின் மற்ற வட்டங்களுக்கும் தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கும் 1,000. வீடு வீடாகப் பார்த்துக் கொடுப்பதென்றால் பொங்கல் கழிந்திருக்கும். ஆகவே இடத்தை வைத்துக் கோடு போட்டார்கள். அந்த அவசரத்துக்கு அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

கோளாறு கோட்டின் ஓரத்தில் இருக்கிறது. வருவாய் கிராம எல்லை என்பது நிலவரி வாங்குவதற்காக எப்போதோ போடப்பட்டது. ஒரு வாய்க்காலோ வண்டிப் பாதையோ அதன் விளிம்பாக இருக்கும். தாய்க் கிராமம் மேட்டிலும் அதன் உட்கடை ஊர் குளத்துக் கரையிலும் இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். தாய்க் கிராமத்தில் முழங்கால் அளவு என்று அறிக்கை போயிருந்தால், உட்கடையில் கூரை வரை நின்ற தண்ணீருக்கும் அதே வகைதான். 1986 வரை தூத்துக்குடியும் நெல்லையும் ஒரே மாவட்டம்; இப்போது சில இடங்களில் சாலையைக் கடந்தால் மாவட்டமே மாறுகிறது. அறிக்கை தயாரித்தவர்களும் வேறு, அதைப் பார்த்துக் கையெழுத்திட்டவர்களும் வேறு. ஆகவே உங்கள் 1,000 ரூபாய்க்குப் பின்னால் யாரோ பணத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. உங்கள் 5,000 யாருடைய பைக்கும் போகவில்லை, அது ஒதுக்கப்படவே இல்லை. ஆனால் எந்தக் கிராமம் எந்த வகை என்று முடிவு செய்தபோது செல்வாக்கு வேலை செய்ததா என்பது நியாயமான சந்தேகம். அதைச் சரிபார்க்க ஒரு காகிதம் உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கையில் கொடுத்த 6,000-ஐப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிவாரணத்திலேயே திருடுவதற்கு மிகக் கடினமான பணம் அதுதான். ஊருக்கே தொகை தெரியும், ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து வரிசையில் நிற்கவைத்துத் தருகிறார்கள், அடுத்த வீட்டுக்காரர் வாங்குவது கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. யாரும் 5,500 கொடுத்துவிட்டு ஊருக்குள் திரும்பி நடமாட முடியாது. அங்கே நடந்த அநீதி வேறு: அட்டை இல்லாதவர் குடும்பமாகவே கணக்கில் வரவில்லை. கல்யாணமாகித் தனியாக வாடகை வீட்டில் இருந்தும் பெயர் இன்னும் அப்பா அட்டையில் இருக்கும் பையன், செங்கல் சூளையில் தங்கி வேலை செய்யும் வெளியூர்க் குடும்பம், கணவன் விட்டுப்போய் அட்டையும் அவனோடு போய்விட்ட பெண். இவர்கள் வீட்டிலும் அதே தண்ணீர்தான் நின்றது. இந்தத் தொகைக்கான ஒரே சாவி குடும்ப அட்டை என்றானபோதே இவர்கள் வெளியே நிற்பது உறுதியாகிவிட்டது.

உங்கள் மூன்றாவது செய்திக்கு, நனையாத வீட்டுக்கு, இப்போது வருகிறேன். களவு நடக்கக்கூடிய இடம் இதுதான். என் அனுபவத்தில் நிவாரணத்தில் பணம் திருடப்படுவது கொடுக்கும் நாளில் இல்லை, பட்டியல் எழுதும் நாளில். வீட்டுச் சேதத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்து எழுத வேண்டும், வருவாய் ஆய்வாளர் சரிபார்க்க வேண்டும், வட்டாட்சியர் ஒப்புதல் தர வேண்டும். குடிசையா, ஓட்டு வீடா, காரை வீடா. முழுச் சேதமா, பகுதிச் சேதமா. இந்த இரண்டு கட்டங்களில் போடும் குறிதான் தொகையை முடிவு செய்கிறது. 2023-இல் நடப்பில் இருந்த மத்திய அரசின் பேரிடர் நிதி விதிமுறையில் சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதி இடிந்த காரை வீட்டுக்கு 6,500 ரூபாய். 2023 வெள்ளத்துக்கு மாநில அரசு தனியாக அறிவித்ததோ புதிதாகக் கட்ட 4 லட்சம் வரை, பழுது பார்க்க 2 லட்சம் வரை. ஒரு பேனா ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்வதன் விலை இவ்வளவு. சில ஊர்களில் அந்தப் பேனாவைப் பிடித்திருப்பவருக்குப் பக்கத்திலேயே வார்டு உறுப்பினரோ கட்சிக்காரரோ நின்று "இதை முழுசு என்று எழுதுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

மண் சுவர் வீடுகளைப் பற்றி நான் மறக்க முடியாத ஒரு விஷயம் உண்டு. வெள்ளம் நிற்கும்போது மண் சுவர் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் இருக்கும். தண்ணீர் வடிந்து, வெயில் அடித்து, அடிமண் காய்ந்து வெடிக்கும்போதுதான் சரியும். கணக்கெடுப்பு மூன்றாம் நாள் நடக்கும், சுவர் ஆறாம் நாள் விழும். மூன்றாம் நாள் எழுதியவர் "வீடு உள்ளது" என்று எழுதியதில் பொய் இல்லை. ஆறாம் நாள் அந்தக் கிழவி தாலுகா அலுவலகத்துக்கு வந்து அழுதால், "பட்டியல் போய்விட்டது அம்மா" என்பார்கள். அதுவும் பொய் இல்லை. அந்த வீட்டுக்கு ஒன்றும் வராது. அதே தெருவில் வெள்ளத்துக்கு இரண்டு வருடம் முன்பே இடிந்து கிடந்த, ஆள் குடியில்லாத ஒரு பாழ் வீடு முழுச் சேதம் என்று பட்டியலில் ஏறியிருக்கும். முன்னது நேர்மையாகச் செய்த வேலையில் நேர்ந்த அநியாயம். பின்னது களவு. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். பட்டியலை ஊரார் கண்ணில் காட்டாத வரைக்கும் முன்னதைக் காட்டிப் பின்னது தப்பித்துக்கொண்டே இருக்கும்.

கால்நடையிலும் இதே கதை. அப்போதைய விதிமுறையில் பசு, எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 என்று தொகை இருந்தது. ஆனால் செத்ததற்குக் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். ஆற்றோரம் கிடை போட்டிருந்த ஆடுகள் இரவோடு இரவாகப் புன்னைக்காயல் பக்கம் கடலுக்குப் போய்விட்டால், எந்த உடலை மருத்துவருக்குக் காட்டுவது? வீட்டு முற்றத்தில் கட்டியிருந்த ஓர் ஆடு செத்தவருக்குப் பணம் வந்தது. கிடையோடு பறிகொடுத்தவர் பஞ்சாயத்துத் தலைவரின் கடிதத்தை வைத்துக்கொண்டு அலைந்தார். சான்று கேட்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். கேட்காமல் விட்டால் இல்லாத ஆடுகளெல்லாம் செத்துப்போகும். ஆனால் உடல் கிடைக்காத இடத்தில் கிராம விசாரணை வைத்து, கிடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்ல, எழுதி வாங்கலாம். அதற்கு ஒரு நாள் செலவழிக்க அலுவலருக்கு மனம் வேண்டும், மேலிருந்து அவகாசமும் வேண்டும்.

உங்கள் சித்தப்பாவின் வாழைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் என்னை மிகவும் உறுத்தியது அதுதான். அப்போதைய விதிமுறைப்படி, பயிர்ச் சேதம் 33 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிவாரணம்: மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500, பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. உச்ச வரம்பு இரண்டு ஹெக்டேர். வாழையை எந்த வகையில் வைத்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 17,000 என்றால் ஏக்கருக்குச் சுமார் 6,900. 22,500 என்றாலும் சுமார் 9,100. ஏக்கருக்கு 900 வாழை வைத்திருந்தால் உயர்ந்த விகிதத்திலேயே வாழை ஒன்றுக்குப் பத்து ரூபாய். முட்டுக் கொடுக்கிற கம்பின் விலைகூட அதில் வராது. இது நட்டஈடு அல்ல, மறுபடி பயிர் வைப்பதற்கான இடுபொருள் உதவி என்றுதான் விதிமுறை சொல்கிறது. ஆகவே தொகை சிறியதாக இருப்பதை ஊழல் என்று சொல்ல முடியாது. போதாது என்று தாராளமாகச் சொல்லலாம், நானும் சொல்கிறேன்.

அந்தச் சிறு தொகையும் யாருக்குப் போகிறது என்பதில்தான் வயிறு எரிகிறது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பக்கத்து நஞ்சையில் வாழை வைப்பவர்களில் நிறையப் பேர் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் அல்ல. கோயில் நிலம், மடத்து நிலம், பம்பாய்க்கும் சென்னைக்கும் போய்விட்டவர்களின் நிலம் ஆகியவற்றை வாய்ப்பேச்சில் கட்டுக்குத்தகைக்கு எடுத்து, நகையை அடகு வைத்துக் கன்று நடுகிறார்கள். பட்டா நிலத்துக்காரர் பெயரில். பல இடங்களில் செத்துப்போன தாத்தா பெயரில், ஏழெட்டுப் பங்காளிகளின் கூட்டுப் பட்டாவாக. பட்டியல் எழுதும்போது பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் என்று கேட்டால் குத்தகைக்காரர் தானாகவே விழுந்துவிடுவார். இதில் யாரும் லஞ்சம் வாங்க வேண்டியதே இல்லை. நஷ்டப்பட்டவரை விட்டுவிட்டு, நிலத்தை இரண்டு வருடமாகக் கண்ணாலும் பார்க்காதவருக்கு அரசுப் பணம் நேர்மையாகப் போய்ச் சேர்கிறது.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. கிராமக் கணக்கில் அடங்கல் என்ற பதிவு இருக்கிறது; எந்தப் புல எண்ணில் என்ன பயிர், யார் சாகுபடி என்று அதில் பசலிதோறும், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டுதோறும், எழுத வேண்டும். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு வேளாண் நிலக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. ஆனால் பெயர் பதிவானால் வெளியேற்ற முடியாது என்று பயந்து நிலத்துக்காரர் சம்மதிக்க மாட்டார், அடுத்த வருடம் நிலம் கிடைக்காது என்று பயந்து குத்தகைக்காரர் கேட்க மாட்டார். இடையில் கிராம நிர்வாக அலுவலர் வம்பு வேண்டாம் என்று பட்டாதாரர் பெயரையே எழுதிவிடுவார். வெள்ளம் வந்த பிறகு இதைச் சரிசெய்ய முடியாது. வெள்ளத்துக்கு முந்தைய அடங்கலில்தான் முடியும்.

சாதியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் மாவட்டத்தில் அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை ஆகாது. தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பு பெரும்பாலும் வாய்க்காலுக்குக் கீழே, குளத்து மறுகாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் அங்கே முதலில் வருகிறது, கடைசியில் வடிகிறது. படகும் சாப்பாட்டுப் பொட்டலமும் ஊர்த் தெருவுக்கு முதலில் போகிறது. புறம்போக்கில் வீடு என்பதால் ஆவணம் இல்லை, ஆவணம் இல்லாததால் பட்டியலில் பெயர் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் தலித் மக்கள் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டது பல அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 61-ஆம் பிரிவில், நிவாரணம் வழங்கும்போது பால், சாதி, சமூகம், மரபு, மதம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு வந்த மனுவை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததாக நினைவில்லை. பயன்படுத்துங்கள்.

"கோடிக்கணக்கில் வந்த பணம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் மேடைப் பேச்சும் கணக்கும் கலந்து கிடக்கின்றன. மாநில அரசு சென்னை மிக்ஜாம் புயலுக்கும் தென் மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்து ஒன்றியத்திடம் கேட்டது ஏறத்தாழ 37,900 கோடி. அதில் தென் மாவட்டங்களுக்கு மட்டும் 18,000 கோடிக்குச் சற்று மேல். ஒன்றிய அரசு "900 கோடி கொடுத்தோம்" என்றது. அது மாநிலப் பேரிடர் நிதிக்கு ஆண்டுதோறும் வர வேண்டிய ஒன்றியப் பங்கு; மழை பெய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்திருக்கும். மாநிலம் கேட்டது அதற்கு மேல் தேசிய நிதியிலிருந்து. மாநில அரசு உச்ச நீதிமன்றம் போன பிறகு, 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து தென் மாவட்ட வெள்ளத்துக்கு 397.13 கோடி அனுமதித்து, மாநில நிதியில் இருந்த இருப்பைக் கணக்கில் கழித்துக்கொண்டு 160.61 கோடியை விடுவித்தார்கள். ஆகவே "ஒன்றும் வரவில்லை" என்பதும் முழு உண்மை அல்ல, "கொடுத்துவிட்டோம்" என்பதும் முழு உண்மை அல்ல. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள அந்தப் பெரிய இடைவெளியை யாரோ திருடிய பணம் என்று எண்ணிவிடாதீர்கள். 

பெரிய தொகை போகும் இடம் நீங்கள் கேட்காத இடம்: சீரமைப்பு வேலைகள். உடைந்த குளக்கரை, அரித்துப்போன சாலை, வாய்க்கால் அடைப்பு. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, இயற்கைப் பேரிடர் காலத்துக்கு டெண்டரிலிருந்து விலக்கு தருகிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவும் அவசரக் கொள்முதலை அனுமதிக்கிறது. விலக்கு தேவைதான். கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் தண்ணீர் வரும்போது டெண்டர் விட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் கரையில் எத்தனை மணல் மூட்டை போட்டார்கள் என்பதை அடுத்த மழைக்குப் பிறகு யார் எண்ணிப் பார்ப்பது? வேலை நடக்கும்போதே ஊர்க்காரர்கள் எண்ணினால்தான் உண்டு. கிழவியின் வீட்டுக்கு ஆயிரம் கேள்வி கேட்கும் அதே நிர்வாகம், தற்காலிகச் சீரமைப்பு என்ற தலைப்பில் போகும் தொகைக்கு வேலையின் அளவைப் பதியும் ஒற்றை அளவுப் புத்தகத்தோடு திருப்தி அடைகிறது. உங்கள் ஊர் வேலையில் முறைகேடு நடந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். மோசடி செய்ய நினைப்பவருக்கு வசதியான இடம் எது என்று சொல்கிறேன்.

பட்டியலில் திருட்டு நடக்கும் என்பது என் ஊகம் மட்டும் அல்ல. மேற்கு வங்காளத்தில் 2020 ஆம்பன் புயலுக்குப் பிறகு, சேதமே இல்லாத வீட்டுக்காரர்களும் பஞ்சாயத்துப் பொறுப்பாளர்களின் சொந்தக்காரர்களும் வீட்டு நிவாரணம் வாங்கியது வெளியே வந்தது. பட்டியல் வெளியானதும் பலர் பணத்தைத் திருப்பிக் கட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கைக்கு உத்தரவிட்டது. கேரளத்தில் 2018 வெள்ள நிவாரணப் பணம் எறணாகுளம் ஆட்சியர் அலுவலக ஊழியர் வழியாகவே தனியார் கணக்குகளுக்கு மாறியது வழக்கானது. வங்காளத்தில் பணம் திரும்பி வந்தது பட்டியல் தெருவுக்கு வந்ததால்தான் என்பதைக் கவனியுங்கள்.

அதே நேரம், பட்டியல் எழுதுபவரை எல்லாம் திருடன் என்று எண்ணாதீர்கள். 2023 ஏப்ரலில், வெள்ளத்துக்கு எட்டு மாதம் முன்பு, முறப்பநாட்டில் ஆற்று மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு செல்வாக்குள்ளவரின் வீட்டுக்கு "சேதம் இல்லை" என்று எழுதுவது எவ்வளவு கடினம் என்பது அதே வேலையில் இருந்த எங்களுக்குத் தெரியும். பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டால் நேர்மையான அலுவலருக்கும் அது கவசம். "எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், ஆனால் நாளை ஊரே படிக்கும்" என்று அவர் சொல்லிவிடலாம்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, "ஏன் எங்களுக்குக் குறைவு" என்று கேட்காமல், ஆவணத்தைக் கேளுங்கள். உங்கள் வருவாய் கிராமம் எந்த வகையில் வைக்கப்பட்டது என்ற ஆட்சியரின் செயல்முறை ஆணையின் நகலும், அதற்கு அடிப்படையான கள அறிக்கையின் நகலும். முன்பு சொன்ன காகிதம் இதுதான். உங்கள் கிராமத்தில் கணக்கெடுத்த வீடுகள் எத்தனை, முழுச் சேதம் எத்தனை, பகுதிச் சேதம் எத்தனை, நிராகரித்தவை எத்தனை, காரணம் என்ன. பட்டியல் எந்த நாளில் எந்த இடத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. மற்றவர்களின் பெயரைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்கலாம்; எண்ணிக்கையை அப்படி மறுப்பதற்குக் காரணம் இல்லை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு மாநிலத் தகவல் ஆணையம். எண்ணிக்கை கையில் வந்ததும் கிராம சபையில் வாசியுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. "முழுச் சேதம் 14 வீடு" என்று ஒரு தாளைப் படித்தால், எந்தப் பதினான்கு என்று ஊரே விரல் மடக்கிச் சொல்லிவிடும்.

நனையாத வீட்டைப் பற்றி எழுதும்போது உங்களுக்கு நேரில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: தெரு, தேதி, தண்ணீர் எதுவரை வந்தது, உங்களிடம் இருக்கும் படம். பொய்யான கோரிக்கைக்குப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 52-ஆம் பிரிவும், நிவாரணப் பணத்தைக் கையாடல் செய்வதற்கு 53-ஆம் பிரிவும் இரண்டு ஆண்டு வரை சிறை என்கின்றன. பட்டியலில் சேர்க்க யாராவது பணம் கேட்டிருந்தால் அது லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போக வேண்டிய செய்தி. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் அவர்களுக்கு அலுவலகம் உண்டு. கட்டாயத்தால் கொடுத்துவிட்டவர் ஏழு நாளுக்குள் சொன்னால்தான் 2018 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு முழுமையாகக் கிடைக்கும். ஆகவே 2023-இல் கொடுத்ததை இப்போது எழுதுமுன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவுக்குப் பழைய பணம் திரும்பி வரும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். வாய்வழிக் குத்தகையில் நிலத்துக்காரர் மனம் வைத்தால் ஒழிய அது கடினம். ஆனால் 1433-ஆம் பசலி அடங்கலில் அவருடைய புல எண்ணுக்கு எதிரே யார் பெயர், என்ன பயிர் என்று எழுதியிருக்கிறது என்பதன் நகலை வாங்குங்கள். வெள்ளம் வந்தது அந்தப் பசலியில். அவர் பெயர் இருந்தும் பணம் வேறு கணக்குக்குப் போயிருந்தால், அது மாவட்ட ஆட்சியரிடம் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கையில் பிடித்துக் காட்டக்கூடிய தவறு, தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுவுக்கும் அடிப்படை. பெயர் இல்லாவிட்டால், இந்த ஆண்டு வாழை நட்டதும், உரக்கடை ரசீது, கன்று வாங்கிய சீட்டு, பக்கத்து வயல்காரர்கள் இருவரின் கையெழுத்து ஆகியவற்றோடு, சாகுபடியாளர் என்று அடங்கலில் பதியச் சொல்லி எழுத்துமூலம் மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தியில் கொடுத்தால் இன்னும் நல்லது. அங்கே மனுவுக்கு எண் போடுவார்கள். ஐப்பசி பிறப்பதற்குள் அதை முடித்துவிட்டு, தோட்டத்தை ஒரு முறை செல்போனில் படம் எடுத்து, நாளும் இடமும் தெரியும்படி உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.